ஏகாம்பரத்தின் டோப்பா

ஆந்திர எல்லையில் இருக்கிற நகரியில் விசைத்தறி ஓட்டும் ஏகாம்பரத்துக்கு ஒரு வியாதி உண்டு. வியாதி என்று டாக்டர் யாரும் சொல்லவில்லை, அவன் பெண்டாட்டி வெங்கடலட்சுமிதான் சொல்வாள். எதைப் பார்த்தாலும் அவனுக்குக் குமட்டும். டீக்கடையில் கண்ணாடி கிளாஸைத் திரும்பத் திரும்ப வெந்நீர் ஊற்றிக் கழுவச் சொல்லி, கடைக்காரனிடம் திட்டு வாங்கிக்கொண்டுதான் டீ குடிப்பான். பஸ்ஸில் நின்றுகொண்டே போனாலும் மேல்கம்பியைப் பிடிக்க மாட்டான், விழுந்தாலும் பரவாயில்லை என்பான். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் ரசத்தை வழித்து உறிஞ்சினால் இவன் இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவான். அப்பேர்ப்பட்ட ஆள் சனிக்கிழமைதோறும் திருப்பதியில் ஒரு குடிக்கிற கிளப்பில் போய் நின்று கிட்டார் வாசித்தான் என்றால், அந்தக் கிட்டார்மேல் அவனுக்கு எவ்வளவு பித்து இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நாற்பதைத் தாண்டியவன். வீட்டில் இரண்டு தறி. சின்ன வயதில் புத்தூர் மெல்லிசைக் குழு ஒன்றில் சேர்ந்து, கல்யாண மேடைகளில் சினிமாப் பாட்டு வாசித்துத்தான் கை பழகினான். பிறகு யாரோ ஒரு புண்ணியவான் போனில் ஏற்றிக் கொடுத்த இங்கிலீஷ் பாட்டுகளைக் கேட்டான். பழைய ராக், ப்ளூஸ் என்று சொல்லும் அந்த அழுகைப் பாட்டுகள். அன்றைக்குப் பிடித்தது, விடவில்லை. பத்திரிகைக்காரர்கள் இந்தக் கதையை எழுதினால், தறியின் தாளத்தில்தான் அவன் இசையைக் கற்றான் என்று எழுதிவைப்பார்கள். அதெல்லாம் சுத்தப் பொய். தறி அவனுக்குக் கொடுத்தது பாதிச் செவிட்டுத்தனத்தை மட்டும்தான். வீட்டில் கிட்டார் வாசித்தால் தெருவெல்லாம் ஓடுகிற தறிச் சத்தத்தில் அவனுக்கே கேட்காது. வாசிக்கிறது காதில் விழ வேண்டுமென்றுதான் அவன் கிளப்புக்கே போனான்.

அந்தக் கிளப் ரேணிகுண்டா போகிற ரோட்டில் ஒரு ஓட்டலின் மாடியில் இருந்தது. நடத்துபவர் ஹரிபாபு. ஏர்போர்ட்டில் இறங்குகிறவர்கள், ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டைக் கம்பெனி ஆபீசர்கள், பெங்களூரிலிருந்து கார் எடுத்துக்கொண்டு வருகிறவர்கள், இவர்களெல்லாம் வரட்டும் என்று சனிக்கிழமை சாயங்காலம் 'ப்ளூஸ் நைட்' ஆரம்பித்தார். பாடுகிறவர் கோபிகிருஷ்ணன், ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியில் ஹெச்.ஆர். ஆபீசில் பேசுகிற இங்கிலீஷ் வேறு, மைக் முன்னால் பேசுகிற இங்கிலீஷ் வேறு. மைக் முன்னால் வந்துவிட்டால் வாயில் சூடான போண்டாவை அடக்கிக்கொண்டு பேசுவதுபோல் பேசுவார். டிரம்ஸ் வாசித்தது சித்தூர் இஸ்மாயில், டூவீலர் மெக்கானிக், நல்ல மனுஷன். ஏகாம்பரம் என்ற பேரைக் கேட்டதும் ஹரிபாபு மூக்கைச் சுளித்தார். "இது சாமி பேரு மாதிரி இருக்கே. வேணாம். நீ இனிமே ஏகே" என்றார். இவனுக்குத் தோளைத் தொடுகிற முடி இருந்தது. அதைப் பார்த்துத்தான் அவர் இவனை எடுத்தாரே தவிர, வாசிப்பைக் கேட்டு இல்லை. முடியோடு இவன் கிட்டாரைப் பிடித்து நிற்கிற படத்தை ஆள் உயரத்துக்கு ஃப்ளெக்ஸ் அடித்து வாசலில் கட்டிவிட்டார்.

உள்ளே இருந்த அசிங்கத்தைச் சொல்லி மாளாது. தரைவிரிப்பில் செருப்பு ஒட்டும். ஒட்டுகிறது பீராக இருக்கட்டும், வேறெதுவாகவும் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் ஏகாம்பரம் நடப்பான். மைக்கின் ஸ்பாஞ்சில் இதுவரை பாடின அத்தனை பேரின் எச்சிலும் ஊறிக் கிடக்கும். செங்கல் நிறத்தில் ஒரு கோபி மஞ்சூரியன் மேஜைக்கு மேஜை போகும். தின்பவர்கள் விரலை நக்கிவிட்டு அதே கையால் மேடைக்கு வந்து இவன் கையைக் குலுக்குவார்கள். பாட்டை ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். ஒருத்தன் போனில் படம் பிடிப்பான், இன்னொருத்தன் வந்து தன் மச்சானுக்குப் பிறந்தநாள் பாட்டு வாசிக்கச் சொல்வான். இவ்வளவையும் ஏகாம்பரம் சகித்துக்கொண்டதற்கு ஒரே ஒரு பாட்டுதான் காரணம். மெதுவாகப் போகிற ஒரு பாட்டு. அதன் நடுவில் பாடுகிறவன் வாயை மூடிக்கொள்ள வேண்டும், கிட்டார் மட்டும் பேசும். மோதிர விரலால் ஒரு கம்பியை அழுத்தி மேலே இழுத்து, இழுத்த இடத்திலேயே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பிள்ளை அழுது மூச்சுப் பிடித்துக்கொள்ளுமே, அதுபோல நிற்கும் அந்தச் சத்தம். அதை வாசிக்கிறபோது மட்டும் ஏகாம்பரத்துக்கு உலகத்தில் எதன்மேலும் குமட்டல் வராது.

அந்த விரலைத்தான் போன வருஷம் தறி பெல்ட் பிடித்துக்கொண்டது. இடது கை மோதிர விரல். ஒட்டித் தைத்தார்கள், எலும்பு கூடியது, ஆனால் விரல் விறகுக்கட்டைபோல் நீட்டிக்கொண்டு நின்றது. மடங்கினால் உண்டு, மடங்காவிட்டால் இல்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அன்றைக்கு வெங்கடலட்சுமி ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே திருப்பதி மலை இருக்கிற திக்கைப் பார்த்துக் கும்பிட்டு, விரல் மடங்கினால் புருஷன் தலைமுடியைத் தருகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். தன் முடியை அல்ல, அவன் முடியை. கேட்டபோது ஏகாம்பரமும் தலையாட்டினான். ஆஸ்பத்திரியில் யார் எதற்குத்தான் தலையாட்ட மாட்டார்கள்!

கொஞ்ச நாள் கழித்துக் கிளப்புக்குத் திரும்பினான். மற்ற விரல்களை வைத்து ஒப்பேற்றினான். அந்த மெதுவான பாட்டு வரும்போது மட்டும், இழுப்பு வர வேண்டிய இடத்தில் கோபிகிருஷ்ணன் 'ஊ... ஊ...' என்று ஊளையிட்டு நிரப்புவார். கேட்டவர்கள் கைதட்டினார்கள். அதைப்போல அருவருப்பான சத்தத்தைத் தன் வாழ்நாளில் கேட்டதில்லை என்று ஏகாம்பரம் சொல்வான். வீட்டுக்கு வந்து விரலை எண்ணெயில் நீவுவான், வெந்நீரில் வைப்பான், கம்பியில் அழுத்துவான், வலியில் பல்லைக் கடிப்பான். ஒருநாள் விரல் மடங்கியது. கம்பி மேலே ஏறியது. தறிச் சத்தத்தில் காதில் விழவில்லை, ஆனாலும் கைக்குத் தெரிந்தது.

வரும் சனிக்கிழமை அந்த இடத்தை நானே வாசிப்பேன் என்று கோபிகிருஷ்ணனுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டான். சொல்லி முடிப்பதற்குள் வெங்கடலட்சுமி வந்து நின்றாள்.

"விரலு மடங்கிடுச்சில்ல? சாமி அவரு வேலைய முடிச்சிட்டாரு. நீ இன்னாத்துக்கு தள்ளிக்கினே போற?"

"பூமுடி குடுத்தா போதாதா? மூணு வெட்டு வெட்டிக்கினு வந்துடலாமே."

"அது பொம்பளைங்களுக்கு. நீ இன்னா சேலை கட்டிக்கினு வரப் போறியா?"

அந்த வாரமே, வெள்ளிக்கிழமை மலை ஏறினார்கள். ஈரத் தரை, எங்கே பார்த்தாலும் முடி, ஊர்பேர் தெரியாத ஆயிரம் பேருக்கு நடுவில் உட்கார்ந்து தலையைக் கொடுத்தான். தனக்கு வாந்தி வரப்போகிறது என்று துண்டை வாயில் பொத்திக்கொண்டுதான் உட்கார்ந்தான். வரவில்லை. முடி மடியில் விழ விழ, விரலை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். தலையில் சந்தனம் பூசிக்கொண்டு வெளியே வந்தபோது காற்று பட்டது, நன்றாக இருந்தது. இறங்கி வருகிற பஸ்ஸில் கம்பியைக்கூடப் பிடித்துக்கொண்டு வந்தான், வெங்கடலட்சுமி அதைப் பார்த்துச் சிரித்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் அவளையும் கிளப்புக்கு அழைத்துக்கொண்டு போனான். அவளாகத்தான் கேட்டாள். "அந்த விரலு எதுக்காக மடங்கணும்னு நீ அழுதியோ, அத நான் ஒருவாட்டி பாக்க வேணாமா?" என்றாள். ஹாலில் அவளை உட்காரவைக்க ஹரிபாபு ஒப்பவில்லை. மேடைக்குப் பக்கவாட்டில், கை கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கொடுத்தார். வருகிறவன் போகிறவனெல்லாம் அங்கே வந்து காறித் துப்பினான். பெண்டாட்டியை இப்படி ஓர் இடத்தில் உட்காரவைத்தோமே என்று ஏகாம்பரத்துக்கு உடம்பே கூசியது.

அதற்குள் ஹரிபாபு அவன் தலையைப் பார்த்துவிட்டார்.

"ஏமய்யா இது? மொட்டையா? வாசல்ல முடியோட நிக்கிற, உள்ள மொட்டையோட வந்தா நான் எவனைக் காட்டறது?"

"வேண்டுதல் அண்ணா. விரலுக்காக."

"வேண்டுதல் நல்லதுதான்ப்பா. நானும் தினம் சாமி கும்பிடறவன்தான். ஆனா இங்க பிராந்தி விக்கிறோம். சந்தனம் பூசுன தலையோட எதிர்ல ஒருத்தன் நின்னா குடிக்கிறவனுக்கு மனசு உறுத்தும். உறுத்திச்சின்னா அடுத்த ரவுண்டு சொல்வானா?"

எவ்வளவு தீர்க்கமான பக்தி பாருங்கள்! பையனை அனுப்பி, நாடகத்துக்குத் துணிமணி வாடகைக்கு விடுகிற கடையிலிருந்து ஒரு டோப்பாவை வரவழைத்தார். போன வாரம் எந்த ராட்சசன் தலையில் இருந்ததோ, அதற்கு முன்னால் எந்த ரிஷி தலையில் இருந்ததோ! உள்பக்கம் கறுத்துப் பிசுபிசுத்தது. அந்துருண்டை வாசனையும் பவுடர் வாசனையும், அடியில் பழைய வேர்வையின் புளித்த நாற்றமும் வந்தது. முடியில் ஓர் ஈர் வேறு ஒட்டிக்கொண்டிருந்ததாக ஏகாம்பரம் இன்றைக்கும் சத்தியம் பண்ணுகிறான்.

"அண்ணா, இத மட்டும் வேணாம். தொப்பி போட்டுக்கறேன்."

"ஃப்ளெக்ஸ்ல தொப்பி இல்ல. இத வெச்சிக்கினா வாசி, இல்லன்னா கோபியே ஊன்னு இழுத்துக்குவாரு."

அந்த ஊளை அவன் காதில் வந்துவிட்டது. டோப்பாவைக் கையில் வாங்கினான்.

இஸ்மாயில் பக்கத்தில் வந்து, டோப்பா ஒட்டுகிற பசையைத் தலையில் தடவிவிட்டான். "மூச்சைப் புடிச்சிக்கினு மாட்டுப்பா. ரெண்டு பாட்டு போனா பழகிடும்" என்றான். பழகவில்லை. முதல் பாட்டிலேயே புதிதாய்ச் சிரைத்த தலையில் நமைச்சல் எடுத்தது. இரண்டாவது பாட்டில் வேர்வை பசையோடு கலந்து காதோரம் வழிந்து வாய்க்குள் போனது. இன்னொருத்தன் தலை அழுக்கு தன் நாக்கில் கரைகிறது என்று நினைத்ததும் அடிவயிற்றிலிருந்து புரட்டிக்கொண்டு வந்தது. விழுங்கினான். தொட்டிப் பக்கம் பார்த்தான். வெங்கடலட்சுமி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முன்வரிசை மேஜையில் பெங்களூர்க்காரர்கள் ஒரு கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேர் தலையிலும் தொப்பி. தொப்பிக்குக் கீழே பிடரியில் சந்தனம் காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. காலையில் மலையில் மொட்டை அடித்து, மத்தியானம் இறங்கி, சாயங்காலம் விஸ்கியில் உட்கார்ந்துவிட்டார்கள். பையிலிருந்த லட்டைப் பிட்டு மஞ்சூரியன் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, இதில் ஒரு விள்ளல் அதில் ஒரு துண்டு என்று தின்றார்கள். அதைப் பார்க்கப் பார்க்க ஏகாம்பரத்துக்குக் கோபமும் குமட்டலும் ஒன்றாய் வந்தன. இவர்களுக்கு மனசு உறுத்தக் கூடாது என்றுதானே தன் தலையில் இந்தக் கண்றாவியைக் கவிழ்த்தார்கள்!

மெதுவான பாட்டு வந்தது. கோபிகிருஷ்ணன் கண்ணை மூடி இரண்டு சரணம் உருகிவிட்டு, பெரிய மனசு பண்ணி ஒதுங்கினார். ஏகாம்பரம் மோதிர விரலைக் கம்பியில் வைத்தான், அழுத்தினான், மேலே தள்ளினான். விரல் மடங்கியது. கம்பி ஏறியது. சத்தம் எழும்பி, நிற்க வேண்டிய இடத்துக்கு வந்து நின்றது. ஒரு வருஷமாக அவன் காது கேட்காத சத்தம்.

அந்த நேரம் பார்த்து டோப்பா வழுக்கியது. முன்மயிர் கண்ணை மறைத்து, மூக்கில் விழுந்து, வாயை மூடியது. வலது கை கம்பியைத் தட்டிக்கொண்டே இருந்தால்தான் சத்தம் சாகாது. இடது கையை எடுத்தால் இழுப்பே போய்விடும். டோப்பாவைச் சரிசெய்ய வேண்டுமானால் ஏதாவது ஒரு கையை எடுத்தாக வேண்டும். எடுக்கவில்லை. விரலை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மாடு ஈயை விரட்டுவதுபோல் தலையை ஓர் ஆட்டு ஆட்டினான். டோப்பா பறந்துபோய் முன்வரிசை மேஜையில் மஞ்சூரியன் தட்டில் விழுந்தது.

மேடை விளக்கில் மொட்டைத் தலை பளபளத்தது. சந்தனம் இன்னும் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருந்தது. பெங்களூர்க்காரன் ஒருவன் தட்டில் கிடந்த முடியையும் மேலே நின்ற தலையையும் மாறிமாறிப் பார்த்தான். பிறகு தன் தொப்பியைக் கழற்றி ஆட்டிக்கொண்டு எழுந்து கத்தினான்.

"கோவிந்தா!"

திருப்பதியில் ஒருத்தன் கோவிந்தா என்றால் இன்னொருத்தன் சும்மா இருக்க முடியாது. தூக்கத்தில் கூப்பிட்டாலும் பதில் சொல்லிவிடுவார்கள். "கோவிந்தா, கோவிந்தா!" என்று ஹாலே எழுந்தது. தட்டேந்தி வந்த சர்வர் கத்தினான். கதவில் நின்ற செக்யூரிட்டி கத்தினான். அத்தனை தொப்பியும் கழன்று அத்தனை மொட்டையும் வெளியே வந்தது. விஸ்கி கிளாஸை ஒரு கையில் தூக்கிக்கொண்டு மற்றக் கையைத் தலைக்கு மேல் குவித்தார்கள். ஏகாம்பரம் இன்னும் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தான். விரல் அசையவில்லை. ஆனால் சத்தம் ஒருத்தர் காதிலும் ஏறவில்லை. அவன் காதில்கூட.

ஹரிபாபுவுக்குக் கூட்டம் எழுந்தால் போதும். ஒரு சால்வையைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு ஓடி வந்தார். வாசித்துக்கொண்டிருப்பவனை நடுவில் நிறுத்திச் சன்மானம் பண்ணாவிட்டால் அந்த ஊரில் விழாவே நடந்ததாக அர்த்தமில்லை. சால்வையை இவன் தோளில் போர்த்தினார், அது இடது கையையும் கிட்டாரின் கழுத்தையும் சேர்த்து மூடியது. இழுப்பு அறுந்தது. மைக்கைப் பிடித்து, "மன ஏகே காரு, பக்தர்!" என்றார், நம்ம ஏகே என்று தெலுங்கில் சொந்தம் கொண்டாடி. தொப்பி கழற்றியவன் மேடையேறி, மஞ்சூரியன் ஒட்டின கையால் இவன் மொட்டைத் தலையைத் தொட்டுத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

ஏகாம்பரம் கிட்டாரைக் கழற்றிவிட்டு, தொட்டிக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தான். வெங்கடலட்சுமி அவன் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

ஹரிபாபு பின்னாலேயே வந்தார். முகமெல்லாம் பூரிப்பு. "ஏகே! வீடியோ எல்லாரும் அனுப்பிக்கினு இருக்காங்க. டோப்பா இனிமே வேணாம். வாராவாரம் மொட்டை அடிச்சிக்கினு வா. நெத்தில ஒரு நாமம் பெரிசா போட்டுடு. புது ஃப்ளெக்ஸ் நாளைக்கே அடிச்சிடறேன்."

ஏகாம்பரம் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். பேரை மாற்றியபோது பேசாமல் இருந்தவன். கண்டவன் தலை மயிரை வாயில் வாங்கிக்கொண்டவன்.

"அண்ணா, இந்த முடிய நான் விரலுக்காகக் குடுத்தேன். உன் பிராந்திக்கு இல்ல. நாமத்தப் போட்டுக்கினு இங்க நிக்கச் சொல்றியே, உனக்கே அருவருப்பா இல்ல?"

"அருவருப்பா? இன்னிக்கு வந்த கைதட்டல் என்னிக்காவது உனக்கு வந்திருக்கா?"

"வரல. எனக்குத் தேவையும் இல்ல" என்றான். சால்வையை மடித்துத் தொட்டியின் விளிம்பில் வைத்துவிட்டு, கிட்டாரை உறையில் போட்டு, பெண்டாட்டியோடு படியிறங்கினான். இஸ்மாயில் மட்டும் வாசல்வரை வந்து அவன் தோளைத் தட்டினான். முடியோடு நின்ற ஃப்ளெக்ஸைத் தாண்டிப் போகும்போது ஏகாம்பரம் அதன் பக்கம் திரும்பவே இல்லை.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் காதோரம் பசை காய்ந்து தோலை இழுத்தது. அவள் நகத்தால் மெதுவாக உரித்துக்கொண்டே வந்தாள்.

"அந்த இழுப்ப நல்லா இழுத்த. விரலு நடுங்கவே இல்ல" என்றாள்.

அவன் சட்டென்று திரும்பினான். "உனக்குக் கேட்டுச்சா?"

"எங்க கேட்டுச்சு? அவனுங்க கத்தன கத்துல. பாத்தேன், அவ்ளோதான்."

அவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஒரு வருஷம் எண்ணெய் போட்டு நீவின விரல். அது என்ன சொன்னது என்று ஒருத்தருக்கும் தெரியாது, இவள் உட்பட.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை. தெருவில் எல்லா வீட்டிலும் தறி ஓடிக்கொண்டிருந்தது, இவர்கள் வீட்டிலும்தான். ஏகாம்பரம் தலைக்குச் சீயக்காய் போட்டு மூன்றாவது தடவையாகத் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தான். கூடத்தில் வெங்கடலட்சுமி கிட்டாரை உறையிலிருந்து எடுத்துப் பாயில் வைத்திருந்தாள். அவன் உட்காரும் முன்னால் எழுந்துபோய்ச் சுவரிலிருந்த மெயினை அணைத்தாள். இரண்டு தறியும் ஓய்ந்து நின்றன. திரும்பி வந்து அவன் முழங்காலை ஒட்டி உட்கார்ந்து, தலையைக் குனிந்து கிட்டாரின் மரத்தில் காதை வைத்துக்கொண்டாள்.

"எங்க, இப்ப இழு" என்றாள்.